அப்பா சொன்ன முதுகுவலி

அப்பா இறந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதை எழுதலாமா என்ற யோசனை அப்போதிருந்தே உண்டு. எழுதினால் அவர் உடம்பைப் பற்றி எழுத வேண்டும். ஊரில் யாருக்கும் தெரியவிடாமல் அவர் வைத்திருந்ததைத் திறந்து சொல்ல வேண்டும். அதனாலேயே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எழுதுடா. அவருதான் சொல்லாமலே போயிட்டாரு. தெரிஞ்சா நாலு பேரு பாத்துக்குவாங்கல்ல" என்றாள்.

அப்பா அரசு பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், அதில் பாதிக்கு மேல் திண்டுக்கல்லில் இருந்து மெட்ராஸ் போகும் ராத்திரி வண்டி. 2015 தொடக்கத்தில், 71 வயதில், முதுகு வலிக்கிறது என்றார். எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், இடுப்புக்கு பெல்ட் வாங்கிக் கொடுத்தோம். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, தேய்மானம் என்று மாத்திரை எழுதினார். எட்டு மாதம் இப்படியே போனது.

அந்த வலியில் ஒரு விசித்திரம் இருந்தது. தேய்மான வலி என்றால் படுத்தால் குறைய வேண்டும். அப்பாவுக்குப் படுத்தால்தான் கூடியது. ராத்திரி எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு அடையாளத்தை யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். ராத்திரி தூங்கவிடாத, ஓய்வெடுத்தாலும் அடங்காத எலும்பு வலியை வயசின் மேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்பதை இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அக்டோபரில் ஒரு ராத்திரி அவருக்கு ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டது. வயிறு கல்லாகிவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினோம். டியூப் போட்டதும் ஏறக்குறைய ஒரு லிட்டர் இறங்கியது. காலையில் கிட்னி டாக்டர் வந்தார். கையுறை மாட்டிய விரலைப் பின்வழியாக விட்டுப் புராஸ்டேட் சுரப்பியைத் தொட்டுப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்பா அதன்பிறகு அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "கல்லு மாதிரி இருக்கு. ரத்தத்துல பி.எஸ்.ஏ. எடுத்துருவோம்" என்றார். மறுநாள் ரிப்போர்ட்டில் 412 என்று இருந்தது. 4-க்கு மேல் போனாலே யோசிக்க வேண்டிய எண் அது. எலும்பு ஸ்கேன் படத்தில் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் மை தெறித்ததுபோலக் கரும்புள்ளிகள். புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிருந்தது.

எனக்கு அப்போது 46 வயது. பட்டதாரி, வங்கி வேலை. புராஸ்டேட் என்று ஒன்று உடம்பில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் உங்களுக்கும் தெரியாது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு காப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. பெரிய நெல்லிக்காய் அளவு. ஆண்களுக்கு மட்டும் உண்டு. விந்து நீரில் ஒரு பகுதி அங்கே சுரக்கிறது. வயசாக வயசாக அதன் நடுப்பகுதி வீங்கிக் குழாயை நெருக்கும். சிறுநீர் நின்று நின்று வருவதும், ராத்திரி நாலு தடவை எழுந்து போவதும் பெரும்பாலும் இந்த வீக்கத்தால்தான். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புற்றுநோய் பெரும்பாலும் முளைப்பது சுரப்பியின் பின்பக்க ஓரத்தில், மலக்குடலை ஒட்டிய பகுதியில். டாக்டர் பின்வழியாக விரல் விட்டுப் பார்ப்பதன் காரணம் இதுவே. அந்த ஓரத்தில் இருந்து சிறுநீர்க் குழாய் தள்ளி இருப்பதால், உள்ளே நோய் வருஷக்கணக்கில் வளர்ந்தாலும் சிறுநீர்ப் போக்கில் ஒரு மாற்றமும் தெரியாமல் இருக்கலாம். "எனக்கு ஒண்ணுக்குப் போறதுல ஒரு தொந்தரவும் இல்ல, அதனால பயமில்ல" என்று சொல்கிறவருக்கு நோய் இருக்கலாம். ராத்திரி ஐந்து முறை எழுந்து போகிறவருக்கு வெறும் வீக்கமாக இருக்கலாம். தொந்தரவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த நோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். அதை நிறுத்தினால் எலும்புக்குப் போன நோய்கூடச் சுருங்கும். சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1941-ல் இதைக் காட்டினார், 1966-ல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார் என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு வழி இருக்கு ஐயா. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கலாம். இல்லன்னா சின்ன ஆபரேஷன் பண்ணி ரெண்டு விதையையும் எடுத்துறலாம். ரெண்டுக்கும் பலன் ஒண்ணுதான்."

"ஊசின்னா எத்தனை நாளைக்கு?"

"ஆயுசு பூரா."

அப்பா ஊசியின் விலையைக் கேட்டார். ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எடுத்துருங்க" என்றார்.

பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன், அவர் கையமர்த்திவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது, மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். நம் நாட்டில் இன்றும் எத்தனையோ பேர் ஊசியின் செலவு கட்டுப்படியாகாமல் இந்த வழியைத்தான் எடுக்கிறார்கள். மருத்துவத்தில் அது சரியான வழி. ஆனால் அதற்கு ஒப்புக்கொள்கிற மனிதரோடு அன்று ராத்திரி உட்கார்ந்து யாராவது பேச வேண்டும். நாங்கள் யாரும் பேசவில்லை.

பலன் என்னவோ கண்கூடாகத் தெரிந்தது. பத்தே நாளில் வலி மாத்திரையை நிறுத்தினார். மூன்று மாதத்தில் 412 என்பது 2.1 ஆனது, ஆறு மாதத்தில் 0.4. நடந்தே டீக்கடைக்குப் போய்வர ஆரம்பித்தார்.

பிறகு வந்தது மார்கழி. எங்கள் ஊரில் சிறுமலைப் பக்கமிருந்து இறங்கும் குளிரில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. அந்தக் குளிரில் அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் தெப்பமாக வியர்வை. ஒரு மாதமாக இப்படி நடக்கிறது. நெஞ்சில்தான் கோளாறு, இனி பிழைக்கமாட்டோம் என்று அவராக நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். ஒருநாள் அம்மா விழித்துப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"உள்ள இருந்து தீ மூட்டின மாதிரி வருதா? கழுத்துக்கு மேல ஏறுதா? கொஞ்ச நேரத்துல வேர்த்து, அப்பறம் குளிருதா?"

அப்பா ஆச்சரியப்பட்டுப் போனாராம். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு நாப்பத்தெட்டு வயசுல வந்துச்சு. மூணு வருஷம் இருந்துச்சு. நீங்க அப்ப மெட்ராஸ் வண்டியில போயிட்டு இருந்தீங்க."

மாதவிடாய் நிற்கும்போது பெண்ணுக்கு ஹார்மோன் வற்றி வரும் அந்தச் சூடும், விதையை எடுத்த ஆணுக்கு ஹார்மோன் நின்று வரும் சூடும் உடம்புக்கு ஒரே சங்கதி. மருத்துவமனையில் யாரும் சொல்லாததை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஈரத் துண்டு ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் காரத்தைக் குறைத்தாள். சாயங்காலக் காபியை நிறுத்தினாள். அந்த மார்கழியில்தான் அப்பா, "அப்ப நீ யார்கிட்ட சொன்ன?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷம் கழித்து. இதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவுக்குக் குரல் உடைந்தது.

சூடு மட்டும் வரவில்லை. தசை கரைந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் பாதியில் இறக்கி வைத்தார். வயிறு போட்டது, சர்க்கரை ஏறியது. எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. எலும்பு மெலியும் என்பதால் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். இரண்டாவது வருஷம் வேறொரு டாக்டர்தான் நடையோடு நிற்காமல் எடையும் தூக்கச் சொன்னார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துக் காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை. அது நன்றாகவே உதவியது. ஹார்மோன் நிறுத்தம் தொடங்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஊரில் என்ன சொன்னோம்? முதுகுத்தண்டில் ஆபரேஷன் என்று சொன்னோம். அப்பா அப்படித்தான் சொல்லச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னால் இரக்கப் பார்வை வரும், எந்த ஆபரேஷன் என்று தெரிந்தால் டீக்கடையில் பேச்சு ஓடும். அந்தப் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன். நானும் கேட்டவர்களிடமெல்லாம் முதுகு என்றுதான் சொன்னேன். சித்தப்பாவிடமும் அதையேதான் சொன்னேன்.

சித்தப்பா அப்பாவுக்கு ஆறு வயது இளையவர். 2015-ல் அவருக்கு 65. 2019-ல் அவருக்கும் இடுப்பு வலி வந்தது. எங்கள் அனுபவத்தால் தாமதமில்லாமல் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பி.எஸ்.ஏ. 96. நோய் இடுப்பெலும்புக்குப் போயிருந்தது. அன்று அப்பா தன் நோயின் பெயரைத் தம்பியிடம் முதல்முறையாகச் சொன்னார். சித்தப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றார். அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அப்பாவோ அண்ணன் தம்பியோ இந்த நோய் கண்டவராக இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது. அந்தத் தகவல் நாலு வருஷம் எங்கள் கையில் இருந்தது.

பிரான்சின் ஜனாதிபதி மித்தெரானைப் பற்றி அந்த நாட்களில்தான் படித்தேன். 1981 மே மாதம் பதவிக்கு வந்தார். அந்த நவம்பரிலேயே அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய், அதுவும் எலும்புக்குப் பரவிய நிலையில், கண்டுபிடிக்கப்பட்டது. பதினோரு வருஷம் நாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் உடல்நிலை நன்றாக இருப்பதாக அவருடைய மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார். 1992-ல் அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 1996 ஜனவரியில் இறந்தார். இதில் எனக்குப் பட்டது இரண்டு. ஒன்று, எலும்புக்குப் போன பிறகும் ஒரு மனிதர் பதினாலு வருஷம், அதுவும் ஒரு நாட்டை நடத்திக்கொண்டு, வாழ்ந்திருக்கிறார். இன்னொன்று, அத்தனை பெரிய மனிதருக்கும் எங்கள் அப்பாவுக்கு இருந்த அதே கூச்சம்.

என் தாத்தா 1978-ல் இறந்தார். கடைசி வருஷம் இடுப்பில் தாங்க முடியாத வலி, பிறகு இரண்டு காலும் விழுந்துவிட்டன. வாதம் என்று சொல்லி எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். முதுகெலும்புக்குப் பரவிய இந்த நோய் தண்டுவடத்தை நசுக்கினாலும் கால் இப்படித்தான் விழும். தாத்தாவுக்கு அதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

சித்தப்பா இன்றும் இருக்கிறார், 75 வயது. அவர் சிகிச்சை அப்பாவுடையதைவிட ஒரு படி முன்னால் போயிருந்தது. ஹார்மோனை நிறுத்துவதோடு அபிராடெரோன் என்ற மாத்திரையையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அப்பாவுக்கு அந்த மாத்திரை முதல் சிகிச்சை கைவிட்ட பிறகுதான், 2018-ல், கிடைத்தது. சித்தப்பாவுக்கு முதல் மாதத்திலிருந்தே. இந்தியாவிலேயே தயாராவதால் அதன் விலையும் முன்பைவிட இறங்கியிருந்தது. வெறும் வயிற்றில் நாலு மாத்திரை, பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. விடிகாலை காபி இல்லாமல் கண் திறக்காத குடும்பம் எங்களுடையது. அந்த ஒரு மணி நேரத்தை அண்ணனும் தம்பியும் போனில் பேசிக் கழித்தார்கள். 2021 செப்டம்பரில் அப்பா போகும்வரை அந்தப் பேச்சு ஒருநாளும் நிற்கவில்லை.

இனி என் கதை. அப்பாவுக்கு, பிறகு சித்தப்பாவுக்கு என்று பார்த்த பின்னும் நான் போய்ப் பரிசோதித்துக்கொள்ளவில்லை. காரணம் பயம்தான். அப்பா காரியம் முடிந்த அடுத்த வருஷம் என் மனைவி, "நீங்க வர்றீங்களா, இல்ல நான் டாக்டரை வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். போனேன். வயது 53.

அந்த டாக்டர் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் இருபது நிமிஷம் பேசினார். அதற்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எண் கூடினால் என்ன செய்வோம், ஸ்கேன், ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி எல்லாம் எப்படிப் போகும், நோய் இருந்தும் சும்மா விட்டு வைக்கலாம் என்ற நிலை வந்தால் அதைத் தாங்க முடியுமா என்று கேட்டார். "பாக்காமலே இருக்கறதும் ஒரு முடிவுதான் சார். ஆனா அதைத் தெரிஞ்சு எடுக்கணும்" என்றார்.

பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். அது புற்றுநோய்க்கு மட்டும் உரியது இல்லை. வெறும் வீக்கத்தில் கூடும், சிறுநீர்த் தொற்றில் கூடும், டியூப் போட்டால் கூடும். 1986-ல் அமெரிக்காவில் இந்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது, ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு அது திரும்பி வருகிறதா என்று பார்க்கத்தான். நோயைத் தேடிப் பிடிக்க அனுமதி வந்தது 1994-ல். 1970-ல் புராஸ்டேட் திசுவில் இத்தகைய புரதத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லின், எல்லா ஆண்களுக்கும் கண்மூடித்தனமாக இதைச் செய்வதை எதிர்த்து 2010-ல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுதினார்.

அவர் எதிர்த்ததில் நியாயம் உண்டு. என் நண்பர் ஒருவரின் மாமனார், 78 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். மகன் வாங்கிக் கொடுத்த முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் இதுவும் இருந்தது. அவரை யாரும் கேட்கவில்லை. 7.2 என்று வந்தது. பயாப்சி எடுத்தார்கள், ஊசி போன வழியில் கிருமி ஏறிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முடிவில் கண்டது துளியூண்டு, சோம்பேறி நோய். அவர் ஆயுளுக்குள் அது அவரைத் தொட்டிருக்காது. 70 வயதுக்கு மேல் பொதுவாக இதைத் தேடிப் போக வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2018-ல் சொன்னதும் இதனால்தான். 55 முதல் 69 வரை, டாக்டரோடு பேசி அவரவர் முடிவெடுக்கட்டும் என்கிறது அந்தக் குழு.

சரி, பரிசோதனையால் உயிர் பிழைக்கிறதா? ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயது வரையிலான 1,62,000 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் 23 வருஷக் கணக்கு 2025-ல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் வரும் மரணம் 13 சதவீதம் குறைந்திருந்தது. 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தடுக்கப்படுகிறது. 456 என்பது பெரிய எண்ணாகத் தெரியும். அந்த ஒருவர் சித்தப்பாவாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிற எனக்கு அப்படித் தெரியவில்லை.

என் எண் 6.2. ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுத்ததில் 5.4. எம்.ஆர்.ஐ.யில் ஓர் இடம் சந்தேகமாகத் தெரிந்தது. பயாப்சியில் இரண்டு துணுக்குகளில் புற்றுநோய், க்ளீசன் 3+3. மினியாபோலிஸில் டொனால்ட் க்ளீசன் என்ற நோய்க்கூறு மருத்துவர் 1966-ல் கொண்டுவந்த மதிப்பெண் அது. மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு கலைந்து கிடக்கின்றன என்று பார்த்துப் போடுவது. இப்போது நடைமுறையில் 6-தான் மிகக் குறைவு, 10 மிக மோசம். அப்பாவுக்கு 9.

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: எடுத்துப் போட்டுருங்க. நானும் அந்த முடிவில்தான் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "உங்க அப்பாவோட நோயும் உங்களோடதும் பேருல மட்டும்தான் ஒண்ணு" என்றார். க்ளீசன் 6-ஐப் புற்றுநோய் என்றே கூப்பிடலாமா என்று மருத்துவர்களிடையே விவாதம் நடப்பதையும் சொன்னார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பிரிட்டனில் 1,643 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள், ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு. பதினைந்து வருஷத்தில் மூன்று பிரிவிலுமாகச் சேர்த்து இந்த நோயால் இறந்தவர்கள் 45 பேர். பிரிவுகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது 9.4 சதவீதம், அறுவை செய்தவர்களுக்கு 4.7. இதையும் மறைக்காமல் எழுதினார். அறுவைக்குப் பின் சிறுநீர் கசிவதும், விறைப்பு போவதும் எத்தனை பேருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கிறது என்பதையும் சொன்னார்.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியோடு உட்கார்ந்து படித்தேன். அப்பாவும் அம்மாவும் பேசாத பேச்சையெல்லாம் நாங்கள் அந்த ராத்திரி பேசினோம். கசிவு, விறைப்பு, பயம், பணம், எல்லாம். கண்காணிப்பு என்று முடிவு செய்தோம். குடும்பத்தில் இப்படி இருப்பதால் கெடு தவறாமல் வர வேண்டும் என்ற கண்டிப்போடு டாக்டர் ஒத்துக்கொண்டார்.

மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். 5.1, 5.8, 5.3, 5.6 என்று போய்க்கொண்டிருக்கிறது. 2024-ல் மறு பயாப்சி, அதே 6. ரத்தம் கொடுக்கும் வாரம் எனக்குத் தூக்கம் வராது. போனுக்கு ரிப்போர்ட் வந்ததும் மனைவிதான் முதலில் திறப்பாள். 5.3-இல் இருந்து 5.6 ஆனதற்கு நான் இரண்டு நாள் சோறு சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். ஓர் எண்ணைப் பார்க்காதீர்கள், வரிசையாகப் போக்கைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்கிறார். புத்திக்குப் புரிகிறது. வயிற்றுக்குப் புரிய இன்னும் நாள் ஆகும் போலிருக்கிறது. ஆனால் நான் வேலைக்குப் போகிறேன், சைக்கிள் மிதிக்கிறேன், கசிவு இல்லை, வலி இல்லை.

நடுவில் தெரிந்துகொண்ட ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், பலருக்கு உதவும். வீக்கத்துக்காக ஃபினாஸ்டரைட், டுட்டாஸ்டரைட் மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் காட்டும். என் மாமா மூன்று வருஷமாக அதைச் சாப்பிடுகிறார். 3.1 வந்தது, நார்மல் என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டார். அதை 6.2 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். லேபுக்கு இது தெரியாது. சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் உண்டா என்று டாக்டர் கேட்டபோது நான் விழித்தேன். பிறகு அத்தை நினைவுக்கு வந்தாள், அப்பாவின் தங்கை, மார்புக் கட்டியில் ஐம்பது வயதில் போனவள். பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் பிழை இருந்தால் பெண்ணுக்கு மார்பிலும் சினைப்பையிலும், ஆணுக்குப் புராஸ்டேட்டிலும் நோய் வரும் வாய்ப்பு கூடும். எனக்கு அந்தப் பிழை இல்லை என்று வந்தது. ஆனால் எனக்கு இல்லாததால் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாகாது. சித்தப்பாவுக்கும் அத்தையின் மகள்களுக்கும் நானே போன் செய்து சொன்னேன். அப்பாவுக்கு என்ன நோய் என்று அத்தை மகள்கள் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

அரசின் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும்தான் இருக்கின்றன. இந்த நோய்க்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண் என்றால் டாக்டரிடம் நீங்களாகப் போய்க் கேளுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் நாற்பத்தைந்திலேயே கேளுங்கள். எடுப்பதா வேண்டாமா என்று பேசிவிட்டு ரத்தம் கொடுங்கள். எண் கூடிவிட்டால் கத்தியை நோக்கி ஓடாதீர்கள், திரும்ப எடுங்கள்.

ஏற்கெனவே நோய் வந்து, ஊருக்கு முதுகுவலி என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர் யாராவது இதைப் படித்தால் அவரிடம் ஒன்று கேட்கிறேன். டீக்கடைக்குச் சொல்ல வேண்டாம் ஐயா. உங்கள் தம்பிக்கும் மகனுக்கும் இன்று ராத்திரியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.